பெட்ரோல் மூடியில் நீ வைத்த சந்தனம்

இன்று ஆயுத பூசை. விடிந்ததும் வண்டியைப் பள்ளிக்கூட வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சங்கிலியில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பிறகு சந்தனம் குழைத்துக்கொண்டு எழுந்தபோது, என் கட்டைவிரல் தானாகவே பெட்ரோல் மூடியை நோக்கிப் போயிற்று. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். சந்தனமும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காகிதம் எடுத்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வண்டியின் கதையை யாருக்குச் சொன்னாலும் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும் கூட்டிச் சொல்ல முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் நீ அல்லவா? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மலாக்காப் பக்கமெல்லாம் ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த காலம் அது. கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செர்காமுக்கு உள்ளே இருக்கும் நம் தோட்டத்தையும், சுங்கை ரம்பாய் பக்கம் இருக்கும் ஆற்றோரத் தோட்டத்தையும் ஒரே துரையின் கையில் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவர் நம் இருவரையும் ஆபீசுக்கு அழைத்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார்; நீ ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர். இரண்டு தோட்டத்துக்கும் தனித்தனியாக வாத்தியாரும் டிரெசரும் வைக்க இனி முடியாது என்றார். காலையில் இங்கே வேலை பார்த்துவிட்டு, ரப்பர் பால் நிறுக்கும் நேரத்துக்குள் அங்கே வந்து நிற்க வேண்டும். ஒரு மாதம் பார்ப்பேன், சரிவராவிட்டால் ஆற்றோரத் தோட்டத்தில் பள்ளியையும் மருந்துக் கொட்டகையையும் மூடிவிடுவேன், உங்கள் இருவருக்கும் கப்பல் சீட்டு என்று சொல்லிவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைத்தார்.

வெளியே வந்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். பஸ் என்றால் அது வந்தால் உண்டு. நீதான், "மோட்டார் சைக்கிள் வாங்கிருவோம், வாத்தியாரே," என்றாய். ஏதோ பசாரில் கத்தரிக்காய் வாங்குவதுபோல!

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எனக்கு எதுக்கு? நீ ஓட்டு. நான் மருந்துப் பெட்டியப் புடிச்சிக்கிட்டுப் பின்னால உக்காந்துக்கிறேன்லா."

எனக்கும் தெரியாது என்பதை நீ ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பாயா ரும்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சின்னத்துரை வேலை போய்ச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி கொட்டகையில் கோழிகளோடு நின்றது. நாம் இருவரும் பெரிய வண்டிக்காரர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தோம். நீ நோயாளியைப் பார்ப்பதுபோல் என்ஜின்மேல் காதை வைத்துக் கேட்டாய். அது ஓடவே இல்லை, என்ன கேட்டாயோ! நான் டயரை அமுக்கினேன். மிதித்து ஓட்டிக் காட்டும்படி கேட்க வேண்டும் என்றுகூட நம் இருவருக்கும் தோன்றவில்லை. சின்னத்துரை நல்ல மனிதர். நாம் விழிப்பதைப் பார்த்தே புரிந்துகொண்டு, தாமே மிதித்துக் கிளப்பி, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எண்ணெய் பம்பை எப்போது அமுக்குவது, பிளக்கை எப்படிக் கழற்றுவது, சங்கிலியை எவ்வளவு தொய்வாக விடுவது எல்லாம் சொன்னார். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

வாங்கியதும்தான் அடுத்த சங்கடம். வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? கடைசியில் வாடகைக்கு மாட்டு வண்டி பிடித்து, மோட்டார் சைக்கிளை அதன்மேல் ஏற்றிக் கட்டி, நாம் இருவரும் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். நம் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குள் நுழைந்தபோது ஒருத்தி, "அடியே, மோட்டார் வண்டிய மாடு இழுக்குது, வந்து பாருங்கடி!" என்று கூவினாள். எனக்கு மானம் போயிற்று. நீயோ மாப்பிள்ளை ஊர்வலம் வந்தவன்போல் எல்லாருக்கும் கையை ஆட்டினாய்.

திடலில்தான் ஓட்டப் பழகினேன். காற்றுக்கு ஒரு கைப்பிடி, பெட்ரோலுக்கு ஒரு கைப்பிடி, நெருப்புக்கு ஒரு கைப்பிடி. மூன்றையும் பார்த்தால் சாலை தெரியாது, சாலையைப் பார்த்தால் மூன்றும் மறந்துபோகும். கோல் கம்பத்தில் மோதினேன். பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக்கொட்டகை வேலியில் மோதினேன். எண்ணெயை அதிகமாக அமுக்கி, லயம் முழுவதும் கொசு ஓடும்படி புகை போட்டேன். உனக்கு அதிலும் ஒரு லாபம் தெரிந்தது, "தெனமும் இப்படிப் போடு, காய்ச்சல் கொறையும்," என்றாய். டயர் பஞ்சரானபோது மரத்திலிருந்து இறக்கிய பாலையே தடவி ஒட்டினோம். சுற்றிலும் பால்மரம் இருக்க ஒட்டுக்கு அலைவானேன் என்பது என் வாதம். காய ஒரு நாள் ஆயிற்று, நாறியது, காற்றும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்காக மலாக்கா டவுனில் ஒட்டு வாங்கி வந்தோம். ஆனாலும் பதினைந்து நாளில் நான் ஓட்டிவிட்டேன், அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். எந்தச் சத்தம் பிளக்கில் கரி, எந்தச் சத்தம் சங்கிலித் தொய்வு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அந்த வண்டி எனக்குப் பிடிபட்டது.

துரை சொன்ன மாதம் தொடங்கியது. முதல் நாள் காலை வேலையை முடித்துக் கிளம்பும்போது நீ கிண்ணத்தோடு வந்தாய். பெட்ரோல் மூடியின் நடுவில் அழுத்திச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக் கும்பிட்டாய். நான் அசந்துபோனேன்.

"காய்ச்சலுக்கு மந்திரிக்கப் போனா சூடு வெப்பேன்னு ஊரத் திட்டுற ஆளு நீ. இதென்ன டிரெசரே?"

"அது வேற, இது வேற. இது நம்ம பொழப்பு. பேசாம ஏறு."

அன்றைக்கு வண்டி குதிரைபோல் ஓடியது. செர்காமைத் தாண்டி, பாதி தூரத்தில், கடலோரத் தென்னந்தோப்பு ஒன்று வருமே, அங்கே இருமியது, திணறியது, நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்ததோ என்று நான் மூடியைத் திறந்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். நிறைய இருந்தது. மூடினேன். அதற்குள் நீ தோப்பின் ஓரத்தில் இருந்த கிழட்டு மரத்தை உற்றுப் பார்த்தாய். "முனி இருக்கிற எடம், வாத்தியாரே. கேக்காமக் கடந்தா விடுமா?" என்று மடியிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைத்து மரத்தடியில் வைத்தாய். நான் மிதித்தேன். ஒரே மிதியில் கிளம்பிவிட்டது!

நீ ஜெயித்தவன்போல் பின்னால் ஏறி உட்கார்ந்தாய்.

மறுநாளும் அதே தோப்பு, அதே இருமல். நான் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன், நீ சுருட்டு வைத்தாய், வண்டி கிளம்பியது. ஆற்றோரத் தோட்டத்து வாசலில் போய் மறுபடி இருமி நின்றது. வந்து சேர்ந்த களைப்பு என்று விட்டுவிட்டோம். திரும்பி வரும்போதும் தோப்பில் ஒரு சுருட்டு. நீ காலையில் வைக்கும் சந்தனத்தின் கனமும் நாளுக்கு நாள் கூடியது. நான் என் பங்குக்குப் பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் குழாயை ஊதினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். தோப்பை ஒட்டிய வீட்டுக்கார மலாய்ப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோமே அவர், படிக்கட்டில் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டார். "மாத்தி லாகி?" என்பார், மறுபடியும் செத்துவிட்டதா என்று. நீ மலாயில் என்னவோ பதில் சொல்வாய், இருவரும் சிரிப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நேரம் போய்க்கொண்டிருந்தது. சில நாள் பால் நிறுத்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். ஒருநாள் துரை கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அதுதான் கடைசி என்றார். அன்று திரும்பும் வழியெல்லாம் நீ மருந்துப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் சொன்னாய்: "கப்பல் ஏறுறதப் பத்திக்கூட இல்ல, வாத்தியாரே. அந்த ஆத்தோரத்துச் சனம் இப்பத்தான் ஒண்ணு ரெண்டு பேரா காய்ச்சலுக்குக் கொயினா மருந்து முழுங்குது. நான் போயிட்டா, வேப்பலைய அடிச்சிக்கிட்டே செத்துப்போவும்." அந்தச் சந்தனம் ஏன் கனத்துக்கொண்டே போயிற்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் உனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பயம்.

மறுநாள் பார்த்தா வானம் அப்படிப் பிளக்க வேண்டும்! மழையில் சறுக்கிச் சறுக்கி ஓட்டினேன். நீ மருந்துப் பெட்டியின்மேல் குப்புறக் கவிழ்ந்து, அது நனையாமல் காத்துக்கொண்டு வந்தாய். தோப்பு வந்தது. இருமல் வந்தது. நின்றது.

நான் மூடியில் கைவைத்தேன். நீ தட்டிவிட்டாய். "தொறக்காத! மழத்தண்ணி உள்ள எறங்குனா எல்லாம் போச்சி. நேத்துத்தான ரொப்புனோம்." அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். நீ சுருட்டை எடுத்தாய். தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. குச்சிக்கு மேல் குச்சியாக உரசினாய். பற்றவில்லை. நான் மிதித்தேன், மிதித்தேன், கால் மரத்துப்போகும் வரை மிதித்தேன். உயிர் வரவில்லை.

"சுருட்டு இல்லாம நடக்காதுலா," என்று தலையில் கைவைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

பாக்சிக் ஒரு பெரிய குடையோடு இறங்கி வந்து நமக்குப் பிடித்தார். குடைக்கடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தினமும் இந்த இடத்தில் இரண்டு காரியம் நடக்கும். இன்றைக்கு இரண்டுமே நடக்கவில்லை. நீ சுருட்டை மட்டுமே கணக்கில் வைத்திருந்தாய். நான் செய்கிற காரியம் ஒன்றும் இருக்கிறதே!

"எந்திரி, டிரெசரே. சுருட்டு உன் வேல. மூடி என் வேல. என் வேலய நான் இன்னும் செய்யல," என்று சொல்லி, குடையைத் தாழ்த்திப் பிடிக்கச் செய்து, மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெளிக்காற்றை வண்டி உள்ளே இழுத்துக்கொண்டது. தினமும் வந்த சத்தமாகத்தான் இருக்க வேண்டும். நான்தான் ஈர்க்குச்சியைத் தேடும் அவசரத்தில் அதைக் கேட்டதில்லை. நீ கேட்டுவிட்டாய். சேற்றிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினாய். உன் முகம் ஆஸ்பத்திரியில் இருக்கும் முகமாக மாறிவிட்டது. "முதல்ல மூச்சப் பாரு, அப்பறம் நாடியப் பாரு" என்று உதவிக்கு வருகிறவர்களிடம் ஓயாமல் சொல்வாயே, அந்த முகம்.

"வாத்தியாரே, இது மூச்சு," என்றாய். "இது மூச்சு விட வழியில்லாம நின்னிருக்கு."

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். உச்சியில் உன் சந்தனம், நாள்பட நாள்பட ஏறிக் கல்லாக இறுகிய சந்தனம். நகத்தால் பெயர்த்தோம். அடியில் குண்டூசித் தலையளவு ஒரு துளை. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். சின்னத்துரை இதையும் சொல்லியிருப்பார்; நான் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்திருப்பேன். துளை அடைபட்ட வண்டி, உள்ளே இருக்கும் காற்றை வைத்துக்கொண்டு தோப்பு வரைக்கும் ஓடும். நான் மூடியைத் திறந்தால் இன்னொரு மூச்சு. அதைக்கொண்டு தோட்டத்து வாசல் வரைக்கும் ஓடும். பாவம் முனி, செய்யாத குற்றத்துக்கு எத்தனை சுருட்டுக் குடித்தது!

நீ மருந்துப் பெட்டியைத் திறந்து, மருந்து ஏற்றும் ஊசி ஒன்றை எடுத்துத் துளையைக் குடைந்து சுத்தம் செய்தாய். கை ஆடவே இல்லை. மூடியை வாயில் வைத்து ஊதி, காற்று போகிறதா என்று பார்த்து, திருகினாய். ஒரே மிதி. பாக்சிக் குடையை மேலே தூக்கி, "இடோப்! இடோப்!" என்று கத்தினார். உயிர் வந்துவிட்டதாம்.

கடைசி வாளிப் பாலைத் தராசில் தூக்கும்போது நாம் போய் நின்றோம். இரண்டு பேரும் சேற்றுப் பொம்மைகள். துரை கடிகாரத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், "ஆல்ரைட்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு அந்த மாதம் முடியும் வரை ஒருநாளும் நாம் தவறவில்லை. பள்ளியும் நின்றது, மருந்துக் கொட்டகையும் நின்றது.

இந்தக் கதை நமக்குள் இருக்கட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெளியே தெரிந்தால் படித்தவர்கள் என்ற மரியாதை என்னாவது? நீ என்ன செய்தாய்? மறுநாளே மருந்துக் கொட்டகை வாசலில், கொயினாவைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளும் பாப்பாத்தி அக்காவை முன்னால் உட்காரவைத்து, ஊரையே கூட்டிவைத்துச் சொன்னாய்.

"நானும் ஒன்ன மாதிரித்தான்க்கா. தெனமும் சந்தனம் வெச்சேன், சுருட்டு வெச்சேன். வண்டி நின்னு போச்சி. ஆத்தா கோவிச்சிக்கிட்டாளா? இல்ல. அது மூச்சு விடுற ஓட்டைய நாந்தான் அடைச்சி வெச்சிருந்தேன். சாமிய நல்லாக் கும்புடு, நானும் கும்புடுறேன். ஆனா வாய அடைச்சி வெச்சிக்கிட்டு, ஆத்தா காப்பாத்தலன்னு சொல்லாத."

கொட்டகையே சிரித்தது. மாட்டு வண்டியில் மோட்டார் சைக்கிள் வந்த கதையையும் சேர்த்துச் சொன்னாய். அதில் என்னையும் இழுத்தாய். பாப்பாத்தி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரித்த வாயிலேயே மருந்தை ஊற்றிக்கொண்டாள். எனக்கு மட்டும் கோபம். வழியில் கேட்டேன், நம் மரியாதையை இப்படிச் சந்தியில் வைத்துவிட்டாயே என்று. "மரியாத போனாத் திரும்ப வரும், வாத்தியாரே. உசுரு?" என்றாய். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினேன். அன்றிலிருந்து உன்மேல் எனக்கு இருந்தது நட்பு மட்டும் இல்லை. அதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உன்னைப்போல் ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு நீ சந்தனத்தை முன்விளக்கில் வைத்தாய். துளையை ஊசியால் குத்திப் பார்ப்பது என் காலை வேலையாயிற்று. வருசக்கணக்கில் நாம் அப்படிப் போய்வந்தோம். தோப்பைக் கடக்கும்போது பாக்சிக் கையைத் தூக்குவார், நீ சுருட்டைத் தூக்கிக் காட்டுவாய்.

போன மழையில் உனக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. எத்தனையோ பேருக்குக் கொயினா ஊற்றிய உனக்கு அது கேட்கவில்லை. கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தபோது, நெஞ்சு ஏறி இறங்கத் திணறிக்கொண்டே, "மூடி அடைச்சிக்கிச்சி, வாத்தியாரே. ஊசி வெச்சிருக்கியா?" என்று கேட்டாய். நான் சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். வெளியே வந்துதான் அழுதேன்.

புது டிரெசர் இன்னும் வரவில்லை. அளவு எழுதிய சீசாக்கள் ஆபீசிலிருந்து வருகின்றன. துரையிடம் கேட்டு, ஆற்றோரத்தில் கொயினா ஊற்றுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நீ இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பயந்தபடிதான் முதல் நாள் போனேன். உன் பெட்டியை வண்டியின் பின்னால் நீ உட்காரும் இடத்தில் கட்டியிருந்தேன். வண்டியை நிறுத்தியதும் பாப்பாத்தி அக்கா வந்தாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பெட்ரோல் மூடிக்கு மேல் குனிந்து, முந்தானையால் அதைத் துடைத்து, ஒரு கண்ணை மூடித் துளையைப் பார்த்தாள்.

"மூச்சு விடுது, வாத்தியாரே," என்றாள். திரும்பி நின்று, வாயை அகலத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

சந்தனத்தை முன்விளக்கில் வைத்துவிட்டேன். ஊசி என் பையில் இருக்கிறது. பால் நிறுக்கும் நேரம் ஆகப்போகிறது, கிளம்புகிறேன்.